மேகம் போய்வர ஒரு கதவு

கத்தரி வெயில் தொடங்கிய நாலாம் நாள் மத்தியானம், வெங்கலப்பொட்டலின் கடைசி வீடான தன் வீட்டு முற்றத்துக்குள் தண்ணீர் லாரியை ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கிய பெத்துராஜ் அண்ணன் திரும்பிப் பார்த்தபோது, லாரியின் பின்பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு ஒரு மேகம் நின்றது. அந்த டாங்குக்கு அடியில் எப்போதும் ஓர் ஒழுக்கு உண்டு. அந்த ஒழுக்கை மோந்தபடியே பதினாறு கிலோமீட்டர், தார் ரோட்டில் உரசாமல் ஒரு முழ உயரத்தில் மிதந்து, ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில் தானும் நின்று, கேட் திறந்ததும் தானும் கிளம்பி, கன்றுக்குட்டி போலப் பின்னாலேயே வந்திருந்தது. இரண்டு வைக்கோல் வண்டிகளைச் சேர்த்து நிறுத்தினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரிது. நிறம் வெள்ளை என்று சொல்ல முடியாது. அரிசி களைந்த தண்ணீரின் நிறம்.

பக்கத்து வீடு எங்களுடையது. சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன். உள்ளேயிருந்து முறத்தோடு வந்த சீனியம்மா மைனி, மேகத்தையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது யாருதுங்க?"

"தெரியல. ரயில்வே கேட்டுலயே பார்த்தேன். அப்படியே போயிரும்னு நினைச்சேன்."

"வெயில்ல வந்திருக்கு. தண்ணி வைக்கவா?"

முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கல்யாண வீட்டு அண்டா ஒன்றை இழுத்து வந்து, லாரிக் குழாயைத் திறந்து நிரப்பினாள். மேகம் மெல்லத் தாழ்ந்து அண்டாவின் மேல் உட்கார்ந்தது. எழுந்தபோது அண்டா காய்ந்திருந்தது. அதற்குப் பிறகு அது அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

ஊரில் இதைப் பற்றிப் பெரிதாக யாரும் விவாதம் பண்ணவில்லை. அந்த வருஷம் எங்கள் கண்மாய் வெடித்து, வெடிப்புக்குள் ஆட்டுக்குட்டி விழுந்தால் இறங்கித் தேடி எடுக்கும்படி இருந்தது; வந்ததை ஏன் வந்தாய் என்று கேட்கிற நிலையில் நாங்கள் இல்லை. எது எப்படி நடக்கிறது என்பதை மட்டும் கவனித்தோம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மேகம் வீட்டு கேட் பக்கம் வந்து நிற்கும். திறந்துவிட்டால் தெற்கே போய்க் காட்டையெல்லாம் மேய்ந்துவிட்டு, மறுநாள் காக்கை கரையும் நேரத்துக்குக் கொழுத்துத் திரும்பி வரும். பகல் முழுக்க அந்த முற்றத்தில் படுத்துச் சொட்டிக்கொண்டிருக்கும். மழை என்று அது ஒருநாளும் பெய்ததில்லை. ஈரத்துணி கொடியில் சொட்டுவது மாதிரிதான். ஆனாலும் அடியில் விரித்த தார்ப்பாயிலிருந்து தெருவில் இருபத்தெட்டு வீட்டுக்கும் தினம் மூன்று குடம் கிடைத்தது. சீனியம்மா மைனி அதைத் 'தாயி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

மேகத்துக்குக் கேட் எதற்கு, சுவரைத் தாண்டிப் போகத் தெரியாதா என்று வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்கள் கேட்பார்கள். அது வந்த வழி அந்த ஒரு வழிதான். தலைக்கு மேல் ஆகாயம் பரந்து கிடந்தாலும், கேட் மூடியிருந்தால் உள்ளேயே இருக்கும், திறந்திருந்தால் வெளியே போகும். இதில் விளக்குவதற்கு ஒன்றுமில்லை. மாடும் அப்படித்தான்.

மூடித்தான் வைக்க வேண்டியிருந்தது. சீனியம்மா மைனி வீட்டுக்கு எதிரே ஒரு பருத்திக் காடு, அதைத் தாண்டினால் பட்டாசு ஆலையின் வேலி. எங்கள் தெருவில் பாதிப் பெண்கள், நானும் சேர்த்து, அங்கேதான் வேலை பார்க்கிறோம். திரி, வெடிக்குழாய், அட்டை எல்லாம் பகலில் மேடையில் வெயில் காய வேண்டும். மேகம் பகலில் வெளியே வந்தால் அத்தனையும் நமுத்துப் போகும். அதனால் ஆலையின் ஃபோர்மேன் ஜெபஸ்டின் சார் முதல் வாரமே வந்து, கையைக் கட்டிக்கொண்டு மேகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா வெயில் இருக்கிற வரைக்கும் இது உள்ளே இருக்கணும்மா. எங்க சரக்கு உள்ளே போனதுக்கு அப்புறம் இது வெளியே வரட்டும்."

"அப்படியே செய்றேன் சார்" என்றாள் மைனி.

மைனி வீட்டில் இருந்தது லாரி போய்வருகிற பெரிய இரும்பு கேட். மேகத்தின் மூச்சு பட்டுப் பட்டு வைகாசி முடிவதற்குள் அது துருவேறி, ஒருநாள் பெத்துராஜ் அண்ணன் தள்ளியபோது தாழ்ப்பாள் அப்பளம் மாதிரிக் கையோடு வந்துவிட்டது. இனிமேல் மரத்தில்தான் செய்ய வேண்டும் என்று முடிவாகி, குருநாதனைக் கூப்பிட்டார்கள்.

குருநாதன் லாரிக்கு பாடி கட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும். மனைவி இறந்த பிறகு பட்டறையிலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு தனியாக இருந்தார். அதிகம் பேச மாட்டார். எதைக் கேட்டாலும் முதலில் காதில் சொருகிய பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பன்னிரண்டு அடி வாசலுக்கு ஆறடி வீதம் இரண்டு கதவு, பார்க்க லட்சணமாக, மேலே சூரியக்கதிர் மாதிரிப் பட்டை வைத்து, ஆனி மாதத்தில் மாட்டிக் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்து நல்லாருக்கு என்று சொன்னோம். நல்லாத்தான் இருந்தது.

ஆவணியில் அது சாயத் தொடங்கியது. முதலில் நடுவில் இரண்டு கதவும் சேருகிற இடத்தில் ஒரு விரல் வித்தியாசம். பிறகு தரையில் இழுபட்டு, பிறை நிலா மாதிரி மண்ணில் ஒரு கோடு. மைனி ஒரு கையால் தூக்கிப் பிடித்துத் திறந்தாள். பிறகு இரண்டு கையால். பிறகு பெத்துராஜ் அண்ணன் தோள் கொடுத்தால்தான் திறந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் யார் தோள் கொடுத்தும் திறக்கவில்லை. கதவின் மூலை சேற்றில் புதைந்து, ஈரத்தில் ஊதிய பலகைகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டுவிட்டன. மேகம் வழக்கம்போல வந்து நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை அது சாம்பல் நிறமானது. சனிக்கிழமை காலையில் இருட்டிவிட்டது. அடைபட்ட மேகம் கறுக்கும் என்று எங்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அதற்குள்ளிருந்து தேன்கூட்டின் இரைச்சல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. தெருவில் ஆடுகளின் மயிர் சிலிர்த்து நின்றது. குடத்தைத் தொட்டால் சுரீர் என்று கையில் கடித்தது. பட்டாசு ஆலைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் மின்னல் ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது என்றால் அதன் அர்த்தம் எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஜெபஸ்டின் சார் எல்லா ஷெட்டையும் பூட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வியர்த்து வழிய ஓடிவந்தார்.

"சுவரை இடிங்க" என்றார்.

இடித்தோம். எட்டடி அகலத்துக்கு இடித்தோம். மேகம் அந்த ஓட்டையைப் புதுத் தொழுவத்தைப் பார்க்கிற பசு மாதிரிப் பார்த்துவிட்டு, அசையாமல் கேட்டின் முன்னாலேயே நின்றது. அப்போதுதான் குருநாதன் வந்தார். யாரோ பட்டறைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தான் செய்த கதவின் முன்னால் நின்று, பென்சிலைக் கூட எடுக்காமல், "கீலோட கழட்டிரணும். கடப்பாரை குடுங்க" என்றார். அவர் கீல் ஆணியில் சுத்தியலை வைத்தபோது மேகத்திலிருந்து நூல் மாதிரி ஒரு மின்னல் வந்து சுத்தியல் தலையைத் தொட்டது. அவர் நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தார். எழுந்து வந்து, கைக்கு நனைந்த சாக்கைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் அடித்தார். பன்னிரண்டு பேர் கடப்பாரை போட்டு நெம்பி, கதவுகளைப் பெயர்த்துக் கீழே சாய்த்தோம். மேகம் எங்கள் தலைக்கு மேல் உரசிக்கொண்டு வெளியே போனது. நாங்கள் எல்லோரும் சில்லென்று குளிர்ந்துபோய், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். ரொம்பத் தெற்கே போன பிறகுதான் அது இடி இடித்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிப் பேசினோம். திரும்பி வந்தால் உள்ளே விடக் கூடாது என்று ஜெபஸ்டின் சார் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை; எங்கள் உயிருக்காகத்தான் சொன்னார். மைனி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து குருநாதன் முன்னால் வந்தார்.

"தப்பு மேகத்துமேல இல்ல சார். என் மேல. எனக்கு ஒரு மாசம் குடுங்க. சாயாத கதவு ஒண்ணு செஞ்சு தர்றேன்."

"போன தடவையும் நீங்கதானே செஞ்சீங்க?" என்றார் ஜெபஸ்டின் சார்.

"ஆமா. இப்ப எனக்குத் தெரியாதது எதுன்னு தெரியும்."

அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. ஜெபஸ்டின் சார் யோசித்துவிட்டு, "ஒரு மாசம் வரைக்கும் வாசலை எப்படி அடைப்பீங்க?" என்று கேட்டார். "சேலையைக் கட்டி நாங்க உட்கார்ந்துக்கிறோம் சார்" என்று நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது.

திங்கட்கிழமை விடியலில் மேகம் பழைய நிறத்தோடு திரும்பி வந்தது. அப்படித்தான் செய்தோம். நாலு பழைய சேலைகளை முடிந்து வாசலுக்குக் குறுக்கே கட்டினோம். காற்றில் சேலை தூக்கினால் மேகம் எழுந்துவிடும் என்பதால் பகல் முழுக்க யாராவது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. வேலை இல்லாத நாளில் நாங்கள், வேலை நாளில் எங்கள் மாமியார்கள், பிரசவத்துக்கு வந்திருந்த பெண்கள் என்று ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்தோம். அங்கே உட்கார்ந்தே வெங்காயம் உரித்தோம், பூக்கட்டினோம், பல வருஷமாகப் பேசாமல் இருந்த இரண்டு ஓரகத்திகள் ஒரே சேலையின் இரண்டு ஓரத்தைப் பிடித்து உட்கார நேர்ந்து, மூன்றாம் நாள் பேசிவிட்டார்கள்.

குருநாதன் அந்த ஒரு மாதமும் அங்கேயே கிடந்தார். முதல் வாரம் அவர் எதையும் செய்யவில்லை. பெயர்த்த பழைய கதவைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மைனி தார்ப்பாயிலிருந்து குடத்தில் மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு போனபோது, "யக்கா, அப்படியே நில்லு" என்றார்.

மைனி நின்றாள். "என்ன தம்பி?"

"கனம் எங்க தெரியுது?"

"குடத்துலதான்."

"அதில்லக்கா. உன் உடம்புல எங்க?"

மைனி யோசித்தாள். "இடுப்புல. காலுக்கு இறங்குது. கை சும்மா அணைச்சுத்தான் இருக்கு, கையில கனம் இல்ல."

குருநாதன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "லாரி பாடி சேஸி மேல உட்கார்ந்திருக்கும்க்கா. கதவு அப்படி இல்ல, ஒரு பக்கமா அந்தரத்துல தொங்குது. நான் கதவுக்குக் குறுக்கே போற சாய்வுக்கட்டையை மேல் கீல்லேருந்து கீழ இறக்கி வச்சேன். கையில குடத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடக்கிற மாதிரி. எத்தனை நாளைக்குக் கை தாங்கும்? கீழ் கீல் மூலையிலேருந்து எதிர்ப்பக்கத்து மேல் மூலைக்கு ஏத்தி வச்சிருக்கணும். அப்பத்தான் கனம் கட்டை வழியா இறங்கி இடுப்புக்கு வரும்."

"அப்ப இனிமே நான் போகலாமா? சொட்டுது" என்றாள் மைனி.

அன்றிலிருந்து வேலை தொடங்கியது. ராஜபாளையத்திலிருந்து வேங்கைப் பலகை வந்தது. வந்த உடனே அறுக்கவில்லை; மேகம் படுக்கிற இடத்தில் அடுக்கி, ஊதுகிற மட்டும் ஊதி, திருகுகிற மட்டும் திருகட்டும் என்று பதினைந்து நாள் விட்டுவிட்டார். அதற்குள் தூணுக்குக் குழி தோண்டினார். எங்கள் மண் கரிசல். ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும், மேலே நிற்கிற எதையும் நிமிர்ந்து நிற்க விடாது. பழைய தூண்கள் இரண்டடி ஆழத்தில் அந்தக் கரிசலில்தான் நின்றிருந்தன, அவையும் உள்பக்கம் சாய்ந்திருந்தன. குருநாதன் கரிசலைத் தாண்டி, சுக்காம்பாறை கடப்பாரையைத் திருப்பி அடிக்கிற வரைக்கும், நாலரை அடி தோண்டினார். கல்தூண்களை அந்தப் பாறையில் உட்கார வைத்துச் சுற்றிலும் சரளையும் கான்கிரீட்டும் நிரப்பினார். லாரி போகிற பாதைக்கு அடியில் ஒரு தூணிலிருந்து மறு தூணுக்குக் கம்பி கட்டி கான்கிரீட் விட்டம் ஒன்றும் போட்டார். மேலே பார்த்தால் பன்னிரண்டு அடி தள்ளி நிற்கிற இரண்டு தூண்கள், மண்ணுக்குக் கீழே கை கோத்துக்கொண்டு நின்றன.

பலகை பழகிய பிறகு, சாய்வுக்கட்டையைக் கீழ் கீலிலிருந்து மேலே ஏற்றி, சட்டம் செய்தார். மூலைகளில் ஆணி அடித்து விடவில்லை. ஒரு கட்டையில் துளை எடுத்து, மறு கட்டையின் நாக்கை அதில் இறக்கி, மர ஆப்பு அடித்து இறுக்கினார். பலகைகளுக்கு நடுவே ஊதுவதற்கு இடம் விட்டார். தண்ணீர் நிற்காதபடி மேல்கட்டையைச் சரிவாகச் செதுக்கினார். துருப்பிடிக்காமல் இருக்க எவர்சில்வரில் மூன்றடி நீளக் கீல்கள் அடிக்கச் சொல்லி, கதவின் பாதி அகலத்துக்கு அதைப் படுக்க வைத்துத் திருகினார். இரண்டு கதவும் சேருகிற இடத்தில் தரையில் ஒரு கல், அதில் குழி, குழியில் இறங்குகிற தாழ்ப்பாள். முழுசாகத் திறந்தால் காற்றில் திரும்பி வந்து அடிக்காமல் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கொக்கி. சூரியக்கதிர் வேலைப்பாடு எதையும் வைக்கவில்லை.

மாட்டிய அன்று தெருப் பிள்ளைகள் ஏழு பேரை ஒரு கதவின் நுனியில் ஏறித் தொங்கச் சொன்னார். தொங்கினார்கள். குருநாதன் மண்டியிட்டு, கதவுக்கும் தரைக்கும் நடுவே பென்சிலை நிறுத்திப் பார்த்தார். இறங்குங்கள் என்றார். மறுபடியும் பார்த்தார். பிறகு எழுந்து, ஒரே விரலால் கதவைத் தள்ளினார். அது சத்தமில்லாமல், தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர் மாதிரி, சுவரோரம் வரைக்கும் போய் நின்றது. ஜெபஸ்டின் சார் தானும் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். அப்புறம் சேலைகளை அவிழ்த்தோம்.

தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை இறங்கவில்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆலையில் வேலை நெரிந்தது. புதன்கிழமை பதினோரு மணி வெயிலில் நாங்கள் ஒன்பது பேர் கடைசி ஷெட்டில் உட்கார்ந்து வெடிக்குழாயைச் சரம் கோத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கும் வாசலுக்கும் நடுவில் அட்டைக் குவியல். எங்களுக்குப் பின்னால், முப்பதடியில், வெடிமருந்து அறை.

எது எதில் உரசியது என்று யாருக்கும் தெரியாது. அட்டைக் குவியலில் புகை வந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். கத்துவதற்குள் அது தீயாகிவிட்டது. காற்று எங்கள் பக்கம் அடித்தது. வாசல் பக்கம் போக முடியாது. பின்பக்கம் ஓடினால் மருந்து அறை, அதைச் சுற்றிக் காய்ந்த புல். புல்லில் தீ இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு, வேலி மூலையில் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றோம். மருந்து அறைக்குத் தீ போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லோர் மனசிலும் ஒரே கணக்கு ஓடியது. என் வீட்டில் அடுப்பங்கரையில் ஊறப்போட்டு வந்த புளியை நினைத்துக்கொண்டேன். சாகப்போகிறோம் என்று தோன்றுகிற நேரத்தில் அப்படித்தான் ஏதாவது ஞாபகம் வருகிறது.

சீனியம்மா மைனி அப்போது முற்றத்தில் தனியாக இருந்தாள். பெத்துராஜ் அண்ணன் லாரியோடு போயிருந்தார். பத்து நாளைக்கு முன்னால் முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து, மைனியின் வலது கையில் மாவுக்கட்டு. புகையைப் பார்த்தாள். எங்கள் கத்தல் பருத்திக் காட்டைத் தாண்டி அவளுக்குக் கேட்டது. ஓடிவந்து இடது கையால் தாழ்ப்பாளைத் தூக்கி, ஒரு கதவை உள்ளங்கையால் தள்ளினாள், மறு கதவை முழங்கையால் தள்ளினாள். இரண்டும் போய்க் கொக்கியில் மாட்டி நின்றன. மூச்சு விடுகிற நேரம்தான் ஆனது என்று பிறகு எங்களிடம் சொன்னாள். பழைய கதவாயிருந்தால் அண்ணனும் இன்னும் இரண்டு ஆண்களும் வர வேண்டும்.

"போ தாயி!" என்றாள்.

மேகம் எழுந்தது, ஆனால் போகவில்லை. பகலில் அதை யாரும் வெளியே விட்டதில்லை. வாசலைப் பார்த்தது, வெயிலைப் பார்த்தது, நின்றது. மைனிக்கு ஐம்பத்திரண்டு வயது. முட்டி வலிக்கிறது என்று கோயிலைக்கூட ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்கிறவள். தார்ப்பாயில் இருந்த தண்ணீரைக் குடத்தில் மொண்டு, இடது இடுப்பில் வைத்துச் சிந்தவிட்டுக்கொண்டே, பருத்திக் காட்டில் இறங்கித் தீயைப் பார்த்து ஓடினாள். மேகம் அவள் சிந்திய தண்ணீரை மோந்துகொண்டு பின்னாலேயே போனது.

ஆலை வாசலில் ஜெபஸ்டின் சார் மணல் வாளியோடு அலறிக்கொண்டிருந்தவர், அவள் வருவதைப் பார்த்து வேலிக் கதவை உதைத்துத் திறந்தார். "அம்மா, கிட்டப் போகாதீங்க! அம்மா!" மைனி கேட்கவில்லை. முகம் பொறுக்க முடியாத தூரம் வரைக்கும் போய், குடத்தில் மீதியிருந்ததைத் தீயின் மேல் வீசினாள். "தாயி, அங்க என் பிள்ளைங்க இருக்கு" என்றாளாம். எங்களுக்கு அது கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தது எல்லாம், தீக்கு மேலே அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் ஒன்று வந்து, ஒரு கணம் தயங்கி, பிறகு அப்படியே உட்கார்ந்ததுதான்.

சித்திரையிலிருந்து ஒருநாளும் பெய்யாத மேகம் அன்றைக்குப் பெய்தது. அட்டைக் குவியல் மேல் பெய்தது. புல் மேல் பெய்தது. மருந்து அறையின் படிக்கட்டுக்கு இரண்டு முழம் முன்னால் இருந்த கடைசித் தீயின் மேல் பெய்தது. எங்கள் ஒன்பது பேர் மேலும் பெய்தது. கண்ணைத் திறக்க முடியாமல், வாயைத் திறந்தால் தண்ணீர் நிறைகிற மாதிரி, சட்டி சட்டியாகக் கொட்டியது. நின்றபோது ஆலை முழுக்க அமைதி. தீ இருந்த இடத்தில் கறுப்புக் கூழ். நாங்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக அதை மிதித்து நடந்து வெளியே வந்தோம். யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. ஜெபஸ்டின் சார் எங்களை எண்ணினார். ஒன்பது. நம்பாமல் மறுபடி எண்ணினார். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதார்.

மைனி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வானத்தில் எதுவும் இல்லை. "தாயி" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். அப்போதுதான், மழையில் கரைந்து தொங்கிக்கொண்டிருந்த அவளது மாவுக்கட்டின் மடிப்பில், கைக்குட்டை அளவுக்கு வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதை நான் பார்த்தேன். அது மூச்சு விடுகிற மாதிரி அசைந்தது. வெயில் படாமல் அதைக் காலிக் குடத்துக்குள் விட்டு, வாயைக் கையால் பொத்தி, நாங்கள் ஒன்பது பேரும் சுற்றி நடக்க, மைனி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் காலையில் நான் இட்லிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கியதும், மூடியைத் திறக்காமல் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். குடத்தின் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தேன். ஆவி எழுந்தது. குடத்துக்குள்ளிருந்து அந்தக் கைக்குட்டை மெல்ல எட்டிப் பார்த்து, ஆவிக்குள் நுழைந்து, வெளியே வந்தபோது கொஞ்சம் புஷ்டியாக இருந்தது.

மைனி என்னைப் பார்த்தாள். நான் மைனியைப் பார்த்தேன்.

"பேச்சி, நாளைக்கும் இட்லியா?"

"நாளைக்கும் இட்லிதான் மைனி."

அதற்கு மறுநாள் ஒன்பது பானை வந்தது. அடுத்த வாரம் தெருவே வந்தது. சோறு வடித்த கஞ்சியின் ஆவி, பருப்பின் ஆவி, பிள்ளைபெற்ற வீட்டு வெந்நீரின் ஆவி. ஜெபஸ்டின் சாரின் சம்சாரம் புட்டுக்குழாயோடு வந்தாள். டீக்கடைக்காரர் பாய்லரையே தள்ளுவண்டியில் ஏற்றி வந்து, பிள்ளைக்கு நல்லா சூடா இருக்கட்டும் என்றார். ஒருவர் ரசத்தைக் கொண்டுவந்துவிட்டதில், நாலு நாளைக்கு மேகம் மிளகு வாசனை அடித்துக்கொண்டு, தும்முகிற மாதிரி சின்னச் சின்னதாகச் சிதறியது. அதற்குப் பிறகு ரசம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். தீபாவளிக்கு வெடி யாரும் வெடிக்கவில்லை. செய்கிறவர்கள் நாங்கள், எங்களுக்கு அன்றைக்குத் தேவைப்படவில்லை. எல்லோரும் மைனி வீட்டு முற்றத்தில் எண்ணெய் தேய்த்த தலையோடு உட்கார்ந்திருந்தோம்.

குருநாதனுக்குப் பொன்னாடை போடுவது என்று ஒன்பது பேரும் தீர்மானித்து, பட்டறைக்குப் போனோம். அவர் பொன்னாடையைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வலுக்கட்டாயமாக வெளியே அழைத்து வந்து போட்டோம்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"நீங்க செஞ்ச கதவு திறந்துச்சு. நாங்க இருக்கோம்" என்றேன்.

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாஞ்ச கதவைச் செஞ்சேனே, அன்னைக்கு இந்தத் தெருவுல ஒருத்தர்கூட என்னை வையல. வேற ஆளைப் பார்ப்போம்னு சொல்லல. ஒரு மாசம் சேலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்து எனக்கு நேரம் குடுத்தீங்க. நன்றியை நான்தாம்மா சொல்லணும்." அன்று முதல் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் பட்டறையில் அடுப்பு மூட்டுவதில்லை. நாளுக்கு ஒரு வீடு என்று நாங்களே முறை வைத்துக்கொண்டோம்.

மேகம் கார்த்திகையில் தலையணை அளவு ஆனது. மார்கழிப் பனியில் தானாகவே வெளியே போய் மேயத் தொடங்கியது. சாயங்காலம் மைனி இடப்பக்கத்துக் கதவை மட்டும் திறப்பாள். அந்தச் சின்ன உடம்புக்கு ஒரு கதவே தாராளம். விடியலில் அதே வழியாகத் திரும்பி வரும். மைனியின் கை குணமாகிவிட்டது. பால் மாடு கறவைக்கு வருவதற்குக் காத்திருக்கிற மாதிரி, தார்ப்பாயை விரிக்காமல் சுருட்டியே வைத்திருந்தாள். கேட்டால், "அது முதல்ல தேறட்டும்" என்பாள்.

தை மாதம், வெயில் சாய்கிற நேரம். நான் வேலை முடிந்து வந்து எங்கள் வீட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். மைனி வழக்கம்போல இடப்பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். மேகம் வந்தது. வாசலில் நின்றது. ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தது, மறுபக்கமாகத் திரும்பிப் பார்த்தது, பாதி உடம்பு வெளியே வந்து மீதி உடம்பு வலப்பக்கக் கதவில் முட்டிக்கொண்டு நின்றது. அது போகாமல் ஏன் நிற்கிறது என்று மைனிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து தரையிலிருந்த தாழ்ப்பாளைத் தூக்கினாள்.

"பொறு தாயி, பொறு. இந்தக் கதவையும் திறந்துவிடுறேன்."